சுழியில் சுற்றிய வீடு

வீடு கடலில் மிதக்குமா என்று சிரிக்கிறவர்கள் எங்கள் பொனவிஸ்டா விரிகுடாப் பக்கம் வந்து பார்த்ததில்லை. அருமையாக மிதக்கும். அடியில் காலி எண்ணெய்ப் பீப்பாய்களை நெருக்கமாகக் கட்டி, பௌர்ணமியன்று கடல் பொங்கி ஏறும்போது உருளைக்கட்டைகள் மேல் தள்ளிக் கடலில் இறக்கினால் போதும். பிறகு மோட்டார் படகுகள் இழுத்துக்கொண்டு போகும். அந்த வருஷம் எங்கள் கிட்டி தீவிலிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இப்படித்தான் பெருநிலக் கரையிலிருந்த சாமர்ஸ் துறைக்குப் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடமும் வைத்தியரும் மின்விளக்கும் அங்கேதான் இருந்தன. தீவை விட்டுப் போகிறோமே என்று ஒருவரும் மூக்கைச் சிந்தவில்லை. காற்றைத் தவிர வேறென்ன இருந்தது அந்தத் தீவில்?

என் வீடு மட்டும் போகாமல் நின்றுகொண்டிருந்தது. அப்பா எனக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன வீடு. மாடியில் ஓர் அறை, கீழே சமையலறை, நடுவில் ஒரு நல்ல இரும்படுப்பு. எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு எனக்கு வருத்தமும் இல்லை, அதை விடுங்கள். என் வருத்தமெல்லாம் வேறு.

என் அண்ணன் ஜேபஸ். அவன் பெண்டாட்டி திரிஃபீனா. அவர்களுக்கு ஏழு பிள்ளைகள். அந்த ஏழையும் குளிப்பாட்டியது நான், காதைத் திருகியது நான், சளி பிடித்தால் ராத்திரி மடியில் போட்டுக்கொண்டது நான். எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிற பழக்கம் கிடையாது. எவர் வீட்டுக்குள்ளும் எவரும் நேராக நுழையலாம். அந்த வழக்கத்தை அண்ணி அளவுக்கு அனுபவித்தவர் ஒருவருமில்லை. விடிந்ததும் என் கதவு திறக்கும். "கெசியா, ரொட்டி மாவு பிசைஞ்சு குடுத்துட்டுப் போயேன்" என்பாள். எங்கே போவது? நான் என் வீட்டில்தானே இருக்கிறேன்!

அண்ணன் வீடு ஜூன் மாதமே கரைக்குப் போய்விட்டது. என் வீட்டுக்கும் அவனே இடம் பார்த்துவைத்தான். எங்கே? மாதா கோயில் பக்கத்தில், அவன் வீட்டுக்குப் பின்னால், என் பின்வாசல் அவர்கள் சமையலறைக் கதவுக்கு நேரே வருகிற மாதிரி.

"வேற இடமே இல்லையா அண்ணே?" என்று கேட்டேன்.

"எதுக்கு வேற இடம்? பக்கத்துல இருந்தா உனக்குத்தானே ஒத்தாசை" என்றான்.

"எனக்கா ஒத்தாசை?"

"வேணாம்னா வீட்ட இங்கயே போட்டுட்டு வா. எங்க சமையல்கட்டு மேல ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு."

அந்த அறையை எனக்குத் தெரியும். அதன் தரையில் ஒரு ஓட்டை உண்டு, கீழே அடுப்பின் சூடு மேலே ஏறுவதற்கு. அந்த ஓட்டை வழியாக அண்ணி என்னைக் கூப்பிடுவது இப்போதே என் காதில் கேட்டது. அவன் வீட்டுக்குப் பின்னாலாவது என் வீடு என்று ஒன்று இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. எனக்கு என் கதவு வேண்டும். நான் சாத்தினால் சாத்தினதாக இருக்கிற ஒரு கதவு. அவ்வளவுதான் என் ஆசை.

ஆகஸ்டில் நகர்த்த வேண்டிய வீடு. ஆகஸ்டில் அண்ணனுக்குக் காட் மீன் நன்றாக விழுந்தது, தள்ளிப்போட்டான். செப்டம்பர் ஆரம்பத்தில் அண்ணிக்குச் செம்பெர்ரி பறிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நானேதான். இடுப்பு ஒடிய வாளி வாளியாகப் பறித்துக்கொடுத்தேன், அவள் ஜாம் காய்ச்சினாள், அதற்குள் செப்டம்பர் கடைசி வந்துவிட்டது.

செப்டம்பர் கடைசி என்றால் என்னவென்று எங்கள் ஊர்ப் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கோடையில் எங்கள் நீரோட்டம் ஒரு தூங்குமூஞ்சி. இலையுதிர் காலம் தொடங்கினால் வடக்கே லாப்ரடார்ப் பக்கமிருந்து குளிர்ந்த தண்ணீர் கரையோரமாக வேகம் பிடித்துத் தெற்கே இறங்கும். கையை விட்டால் எலும்பு வலிக்கும். அந்த ஓட்டம் சாமர்ஸ் துறையின் வடக்கேயுள்ள மொட்டை முனையில் இடித்துக்கொண்டு, முனைக்குப் பின்னால் துறைவாய் அகலத்துக்கு ஒரு சுழி போடும். ஆளை விழுங்குகிற சுழி இல்லை. பெரிய, சாவகாசமான சுழி. வெளியே தெற்கு நோக்கிப் போகும், துறையின் தெற்கு ஓரத்தில் உள்ளே திரும்பும், உட்பக்கமாக வடக்கே ஏறும், முனையடியிலிருக்கும் கூழாங்கல் கரையை உரசிவிட்டு மறுபடி வெளியே போகும். இடப்பக்கமாகவே சுற்றும். வலப்பக்கம் சுற்றி ஒருவரும் பார்த்ததில்லை.

அந்தச் சுழிக்கு வெளியே வந்து, முனையைத் தாண்டின உடனே சட்டென்று இடது பக்கம் திரும்பி உள்ளே நுழைந்துவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் எங்கள் ஆண்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தினமும் மீனுக்குப் போகும்போது படகை எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்வார்கள். கல்யாணப் பெண் ஏறிய படகு, பிணம் ஏறிய படகு, இழுத்துவரும் வீடு, இந்த மூன்றை மட்டும் சூரியன் போகிற பக்கமாக, வலமாகத்தான் திருப்ப வேண்டும். இடமாகத் திருப்பினால் குடி விளங்காதாம்.

இழுப்புக்குத் தலைவர் லெவி மாமா. எழுபது வயதிருக்கும், பிடித்த பிடியை விடாதவர். முதல் படகில் அவர், இரண்டாவதில் அண்ணன், மூன்றாவதில் ஒபதியா. ஒபதியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வீடு இழுப்பதென்றால் பாட்டுக்காரர் இல்லாமல் நடக்காது. அவர் ஓர் அடி பாடுவார், அதன் கடைசிச் சொல்லில் எல்லோரும் சேர்ந்து கயிற்றை இழுப்பார்கள். பாட்டு இல்லையென்றால் ஒரு ஆளும் கயிற்றைத் தொடமாட்டான், அறுபது பேர் நின்றாலும் சரி. அந்தப் பாட்டுக்காரர்தான் ஒபதியா. பெண்டாட்டியை இழந்தவர், வாய் கொஞ்சம் நீளம், குரல் மட்டும் தங்கம்.

வீடு இழுக்கிற அன்று காலை அவர் பாடி, வீடு கடலில் இறங்கியது. நான் உள்ளே இருந்தேன்.

"வெளிய வாடி! படகுல ஏறு!" என்று அண்ணன் கத்தினான்.

"அடுப்புல கெட்டில் வச்சிருக்கேன்" என்றேன் ஜன்னல் வழியாக.

"கெட்டிலாம் கெட்டில்! வீட்டோட முழுகிப்போனா என்ன பண்ணுவ?"

"நீ கட்டுன பீப்பாய்தானே அண்ணே? முழுகுமா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் தன் படகின் மோட்டாரைக் கிளப்பினான்.

போகிற வழியெல்லாம் சொர்க்கம். மேகமூட்டம், காற்றே இல்லை. என் சமையலறை ஜன்னல் வழியாகத் தீவு மெல்ல நகர்ந்து போனதைப் பார்த்தேன். நான் எங்கேயும் போகவில்லை, உலகம்தான் என்னைத் தாண்டிப் போகிறது என்று தோன்றியது. கரும்புப்பாகு ரொட்டியை வெட்டி, தேநீர் ஊற்றி, ராணி மாதிரி உட்கார்ந்து குடித்தேன்.

மொட்டை முனையைத் தாண்டினோம். இடது பக்கம் துறைவாய் திறந்துகிடந்தது. ஓர் எட்டில் உள்ளே போய்விடலாம். அப்போது லெவி மாமா கையைத் தூக்கினார்.

"வலமாத் திருப்புங்கடா! ஒரு பெரிய சுத்து சுத்தி உள்ள போவோம்!"

"மாமா, ஓட்டம் வேகமா இருக்கு. நேரா இடது பக்கம் விட்ருவோமே" என்றார் ஒபதியா தன் படகிலிருந்து.

"உன் வீடா இது? ஒரு பொம்பள தனியாக் குடியிருக்கப் போற வீட்ட இடமாத் திருப்பச் சொல்றியே, புத்தி இருக்கா உனக்கு?"

அண்ணனும் தலையாட்டினான். மூன்று படகும் வலப்பக்கம் திரும்பின. கடலை நோக்கித் திரும்பி, வடக்கே முகம் வைத்து, எதிரோட்டத்தில் புட்டுபுட்டென்று இழுத்தன. ஒரு மாடி வீட்டை அந்தச் சின்ன மோட்டார்கள் எங்கே எதிரோட்டத்தில் இழுப்பது! படகுகள் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தன, வீடு தெற்கே போய்க்கொண்டிருந்தது. துறையின் தெற்கு ஓரம் வந்ததும் சுழி என் வீட்டின் மூலையைப் பிடித்து மெல்ல உள்ளே திருப்பியது. இடப்பக்கமாக.

"ஐயையோ! இடமாச் சுத்துது!" என்று லெவி மாமா அலறினார். "வலிச்சு இழுங்கடா! வலமா இழுங்க!"

சுழி ஒரு பக்கம் இழுத்தது, படகுகள் மறுபக்கம் இழுத்தன. நடுவில் என் வீடு முனகியது. தட்டுகள் அலமாரியை விட்டு ஒவ்வொன்றாகக் குதித்தன. அடியில் டமாரென்று ஒரு சத்தம். ஒரு பீப்பாய் கயிறு அறுந்து ஜன்னலுக்கு வெளியே துள்ளிக்கொண்டு போனது. தரை ஒரு பக்கம் சாய்ந்தது, கதவிடுக்கில் தண்ணீர் எட்டிப்பார்த்தது. இன்னும் இரண்டு பீப்பாய் போனால் வீடு போய்விடும். வீடு போனால் ஓட்டை போட்ட அறை. சாகிறவரைக்கும் ஓட்டை போட்ட அறை.

"கெசியா, குதி! வீடு போனாப் போகுது, குதிடி!" அண்ணன் குரல் உடைந்திருந்தது. அவனுக்கு என் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மாடி ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினேன்.

"கயித்த விடுங்க! எல்லாரும் கயித்த விடுங்க! அதுபாட்டுக்குச் சுத்தட்டும்!"

"இடமாவா?" என்றார் லெவி மாமா, தேவாலயத்தில் நான் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி.

"மாமா, கொஞ்சம் மேல பாருங்க! காலையிலேர்ந்து சூரியனே வரல! இல்லாத சூரியனுக்கு எது வலம், எது இடம்?"

லெவி மாமா நிஜமாகவே வானத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒபதியா தன் கயிற்றை அவிழ்த்துக் கடலில் போட்டார். அடுத்து அண்ணன் விட்டான். ஒற்றைப் படகு என்ன செய்யும்? கடைசியில் லெவி மாமாவும் விட்டார். விட்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், நான் செத்தே போனதுபோல.

கயிறு தளர்ந்ததும் வீடு ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. முனகல் நின்றது. சுழி என்னைத் துறைக்குள் நிதானமாகச் சுற்றிக் காட்டத் தொடங்கியது. படகுகள் கூடவே வந்தன. ஒபதியா பக்கத்தில் வந்து, "அம்மணி, டீ இருக்குமா?" என்று கேட்டார்.

"இப்ப டீ ஒண்ணுதான் கொறச்சல் உமக்கு!"

முதல் சுற்றில் மாதா கோயில் கண்ணுக்குத் தெரிந்தது. கரையில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. அண்ணி முன்னால் நின்று ஏப்ரனை ஆட்டிக்கொண்டிருந்தாள். பயந்துபோய் ஆட்டுகிறாள் பாவம் என்று நினைத்தேன். அப்போது அவள் குரல் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

"ஏங்க! பின்வாசல் நம்ம சமையக்கட்டுப் பக்கம் வர்ற மாதிரித் திருப்பிக் கொண்டாங்க! துணியெல்லாம் ஊறிக் கிடக்கு, இவ வந்துதான் தொவைக்கணும்!"

நான் சாகக்கிடந்தேன், அவளுக்குத் துணி ஊறிக்கிடந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

சுழியின் உள்வளைவு கோயில் பக்கம் எட்டவில்லை. கயிறு வீசினாலும் சேராத தூரத்திலேயே வீடு அதைத் தாண்டி, வடக்கே ஏறி, முனையடிக் கூழாங்கல் கரையை நெருங்கியது. எவ்வளவு கிட்டே என்றால், கற்களுக்கு நடுவே நண்டு போவது தெரிந்தது. கரைக்கு மேலே ஒரு புல்வெளி. ஓர் ஓடை. ஒரு வீடும் இல்லை. முனையே பின்னால் நின்று வடக்குக் காற்றை மறித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுழி என்னை மறுபடி வெளியே இழுத்துப்போய்விட்டது.

இரண்டாவது சுற்றுக்கு நான் தயாராகிவிட்டேன். படிக்கட்டின் அடியில் அப்பாவின் கல் நங்கூரம் இருந்தது. மரச்சட்டத்துக்குள் கல்லை வைத்துக் கட்டின நங்கூரம், ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். அதன் கயிற்றை அடுப்படித் தூணில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். ஏழு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கைகள் இவை. தரையில் இழுத்து, முன்வாசல்வரை கொண்டுவந்தேன். அண்ணி இன்னும் ஏப்ரனை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டட்டும். கோயிலைத் தாண்டினேன். கூழாங்கற்கள் தெரிந்தன.

"கெசியா! என்ன பண்ற? அங்க வேணாம்! அங்க போடாத!" அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

காலால் ஓர் உதை. நங்கூரம் தொபீரென்று விழுந்தது. கயிறு விர்ரென்று ஓடி விறைத்தது. தூண் கிரீச்சிட்டது. நங்கூரம் கொஞ்ச தூரம் கற்களைப் பிராண்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் கவ்வியது. வீடு அரைவட்டம் திரும்பி, வாசல் கடலைப் பார்க்க, கரையோரம் நின்றது. கெட்டில் மூடி மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது.

ஊரே துறைக்கரையைச் சுற்றி ஓடிவந்தது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து என் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் பீட்ரூட்.

"கை தவறிடுச்சா?"

"கால்லதான் தள்ளுனேன். தவறல."

"தண்ணி வத்துறதுக்குள்ள இதத் திரும்ப வெளிய இழுத்தாகணும். இப்ப விட்டா அடுத்த பௌர்ணமி வரைக்கும் நகராது."

"நான் இங்கயே இருந்துக்கறேன் அண்ணே."

"பைத்தியமா உனக்கு? ஊருக்கும் இதுக்கும் நடந்தா எவ்வளவு நேரம் தெரியுமா?"

"தெரியும். அதான்."

அவனுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் திரும்பி, "கயித்தப் போடுங்கடா! வெளிய இழுக்கணும்!" என்று கத்தினான். அவன் சொன்னால் கேட்கிற ஊர் அது. பீப்பாய் வரிசையில் கயிறுகளைக் கட்டினார்கள். முனைப் பாறைமேல் வரிசையாக நின்றார்கள். லெவி மாமாவும் கயிற்றைப் பிடித்தார். நான் வாசலில் நின்றேன். அத்தனை பேரை நான் ஒருத்தி என்ன செய்துவிட முடியும்? அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஒபதியா, பாடு!" என்றான் அண்ணன்.

ஒபதியா கயிற்றின் தலைப்பில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கரைக் கற்களில் ஈரக்கோடு தெரிய, தண்ணீர் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. வற்றம் தொடங்கிவிட்டது. ஒபதியா வாயைத் திறந்து, இருமினார்.

"என்னய்யா?"

"தொண்ட கட்டிருச்சு" என்றார் ஒபதியா, அந்தத் தங்கக் குரலைத் தகரமாக்கிக்கொண்டு.

"காலையில நல்லாத்தானே பாடுன?"

"காலையில பாடுனதுலதான் கட்டுச்சு."

"சரி, வேற எவனாவது பாடுங்கடா!"

ஒருவரும் பாடவில்லை. லெவி மாமாதான் வாயைத் திறந்தார். "பாட்டுக்காரன் நிக்கறப்ப இன்னொருத்தன் பாடக் கூடாது, ஜேபஸ். ஏற்கெனவே இடமாச் சுத்தியாச்சு. இன்னொரு அபசகுனம் வேணுமா?"

"பாட்டில்லாமயே இழுங்கடா! கயிறு வராதா என்ன?"

அறுபது பேரும் கயிற்றைப் பிடித்தபடி பூமியைப் பார்த்தார்கள். என் அண்ணன் ஒருவனே பல்லைக் கடித்து இழுத்தான். வீடு அசைந்தால்தானே! ஒபதியா அவ்வப்போது இருமினார். யாரோ மூக்குக்குள் சிரித்தார்கள். அது வரிசையில் ஆளுக்கு ஆள் தொற்றிக்கொண்டது. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. கடைசியில் என் வீடு கற்கள்மேல் நறநறவென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் போல ஒரு இனிய சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

நான் உள்ளே போய், அடுப்பில் இருந்த கெட்டிலிலிருந்து ஒரு குவளை தேநீர் ஊற்றி, ஒரு கரண்டி கரும்புப்பாகு விட்டுக் கொண்டுவந்தேன். ஒபதியா ஒரே மடக்கில் குடித்தார்.

"இப்ப எப்படி இருக்கு தொண்ட?" என்று கேட்டேன்.

"அட, அதிசயம்! சரியாயிருச்சே!" என்றார். "எந்தப் பக்கம் இழுக்கணும், அம்மணி?"

"மேல. புல்வெளிக்கு."

அவர் பாடினார் பாருங்கள்! மொட்டை முனை திருப்பிப் பாடியது. அறுபது பேரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள். உருளைக்கட்டைகள் மேல் வீடு தளுக்கு தளுக்கென்று ஏறிப் புல்வெளியில் போய் உட்கார்ந்தது. லெவி மாமா வீட்டை மூன்று முறை வலமாகச் சுற்றி வந்து, "சரிக்கட்டியாச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு ரொட்டி கேட்டார். அறுபது பேருக்கும் தேநீர் கொடுத்தேன். உடையாமல் மிஞ்சின குவளைகள் நான்கு, அதனால் சாயங்காலம்வரை ஆயிற்று.

அதன் பிறகு ஒபதியா என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும். பாட்டுக்குத் தேநீர் கொடுத்தேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து குடிக்கிறார் என்றால், அவர் தொண்டை அப்படி.

அந்தச் சுழி என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொள்கிறது. இலையுதிர் காலம் வந்துவிட்டால் எங்கெங்கிருந்தோ மிதந்து வருகிற மரக்கட்டைகளைக் கொண்டுவந்து என் கரையில் அடுக்கிவிடும். விறகுக்கு நான் ஒரு நாள் கோடரி தூக்கியதில்லை. அறுந்து ஓடிப்போன அந்தப் பீப்பாயையும் இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அண்ணி எதிர்க்கரையில் நின்று கூப்பிடுவாள். கை ஆடுவது தெரியும், என்ன சொல்கிறாள் என்பது ஒரு எழுத்துகூடக் கேட்காது. நானும் சந்தோஷமாகக் கையை ஆட்டுவேன்.

அண்ணன் ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஒரு மதியம் அவன் படகுச் சத்தம் கேட்டது. நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். காலடி கற்கள்மேல் ஏறி வந்தது, வாசலில் நின்றது. கதவு திறக்கவில்லை. நான் காத்திருந்தேன். பிறந்ததிலிருந்து எந்த வீட்டுக் கதவையும் தட்டியறியாத என் அண்ணன், என் கதவை இரண்டு முறை தட்டினான்.

"கெசியா, உள்ள வரலாமா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாவுக் கையோடு துடைத்துக்கொண்டேன்.

"வா அண்ணே" என்றேன். "பூட்ஸக் கழட்டிட்டு வா."